சிப்பிக்கு இருக்கும் பதிவேடு எங்கள் பெண்களுக்கு எங்கே?

கருவுற்ற பெண்ணுக்குத் தமிழ்நாடு அரசு ஓர் எண் தருகிறது. பிக்மி எண். அந்த எண் வந்துவிட்டால் கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வருகிறார். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாயா, ஸ்கேன் எடுத்தாயா, கால் வீங்கியிருக்கிறதா என்று கேட்கிறார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் பெட்டகமுமாக 18,000 ரூபாய் வருகிறது. இதில் குறைகள் உண்டு. ஆனாலும் இந்த ஏற்பாட்டை நாங்கள் மதிக்கிறோம். பிரசவத்தில் சாகும் பெண்களின் எண்ணிக்கையைத் தமிழ்நாடு குறைத்ததில் இந்தத் தொடர் கவனிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

கரு நிற்காத பெண்ணுக்கு எண் கிடையாது. நோட்டு கிடையாது. அவளைத் தேடி வர யாரும் கிடையாது. ஐந்து வருஷம், எட்டு வருஷம் என்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற பெண் ஒவ்வொரு முறையும் புது ஆளாகத்தான் சீட்டு எழுதி உள்ளே போகிறாள். உள்ளே இருக்கும் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?" போன மாதமும் அதே கேள்விதான். அதற்கு முந்தைய மாதமும் அதேதான். கேட்கிற ஆள் மட்டும் வேறு.

முள்ளக்காடு, வேப்பலோடை, ஆறுமுகநேரி பக்கத்து அளங்களில் உப்பு வாரும் பெண்களில் கணிசமானவர்கள் எங்கள் சேரிகளிலிருந்து போகிறவர்கள். அவர்களில் குழந்தைக்காக வைத்தியம் பார்க்கிறவர்களோடு நாங்கள் பேசினோம். யாருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை. எழுதினால் அந்தப் பெண்ணை ஊர் என்ன சொல்லிக் கூப்பிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒருவருடைய கதையை மட்டும் சொல்கிறோம். ஏழு வருஷத்தில் அவர் பார்த்த டாக்டர்கள் ஒன்பது பேர். கர்ப்பப்பைக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் சோதனை அவருக்கு மூன்று முறை நடந்திருக்கிறது. வலி உயிர் போகும் என்கிறார். முதல் படம் ஒரு ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டது. இரண்டாவது படத்தை அடுத்த டாக்டர் "பழசு" என்று ஒதுக்கினார். கர்ப்பப்பையைச் சுரண்டி எடுக்கும் சோதனையும் இரண்டு முறை. கணவருக்கு விந்தணுச் சோதனை நடந்தது ஆறாவது வருஷத்தில். அதுவும் ஒரு பயிற்சி டாக்டர் தற்செயலாகக் கேட்டதால். குறை அவரிடம் இருந்தது. முதல் டாக்டரே கடைசிவரை பார்த்திருந்தால் இரண்டாவது மாதத்திலாவது அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார். ஒன்பது பேரும் முதல் நாள் மட்டுமே பார்த்ததால் ஒன்பது பேரும் பெண்ணிடமிருந்தே தொடங்கினார்கள்.

ஆண் உடம்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறோம். விரை வெப்பத்தைத் தாங்காது. அதிக வெப்பம் விந்தணு உற்பத்தியைக் குறைக்கும் என்பது மருத்துவப் பாடம். உப்புப் பாத்தியின் வெண்மை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். அங்கே நாள் முழுக்க நிற்கிற ஆணிடம் "என்ன வேலை பார்க்கிறாய்?" என்று கேட்க டாக்டருக்கு நேரம் வேண்டும். பெண்ணுக்கும் இதே கதைதான். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் கடும் வெப்பத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அது சொன்னது. கலைந்து போன கருவை யார் கணக்கு வைப்பது? தொடர்ந்து பார்க்கும் டாக்டருக்குத்தான் மூன்றாவது முறை கலையும்போது அது மூன்றாவது முறை என்று தெரியும்.

அரசு ஆஸ்பத்திரியில் இது ஏன் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டாக்டர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். கோளாறு அமைப்பில் இருக்கிறது.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொரு துறையும் யூனிட் யூனிட்டாகப் பிரிந்திருக்கும். இந்த யூனிட்டுக்குத் திங்கள் ஓ.பி., அந்த யூனிட்டுக்குச் செவ்வாய் ஓ.பி. என்று நாள் ஒதுக்கீடு உண்டு. நீங்கள் எந்த யூனிட்டில் பதிந்தீர்களோ அந்த நாளில் வந்தால் அந்த டாக்டர்களைப் பார்க்கலாம். சர்க்கரை நோய்க்கும் மூட்டு வலிக்கும் இது சரியாக வரும். கருத்தரிப்பு வைத்தியம் மாதவிலக்கு நாள் கணக்கில் நடக்கிறது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஒரு ஸ்கேன். மாத்திரை, ஊசி. ஒன்பதாம் நாளிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் கருமுட்டை வளர்கிறதா என்று ஸ்கேன். முட்டை பருவத்துக்கு வந்ததும் வெடிக்க வைக்கும் ஊசி. அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் விந்தணுவை உள்ளே செலுத்த வேண்டும். தவறினால் அந்த மாதம் போயிற்று. மாதவிலக்கு திங்கள்கிழமை பார்த்து வருமா? வியாழக்கிழமை இரண்டாம் நாள் என்றால் வேறு யூனிட், வேறு டாக்டர். பன்னிரண்டாம் நாள் ஞாயிறு என்றால் டூட்டி டாக்டர் மட்டும். அவருக்குப் பிரசவ வார்டில் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். "நாளைக்கு உங்க யூனிட்ல காட்டும்மா" என்கிறார். நாளைக்கு முட்டை வெடித்திருக்கும்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு ஸ்கேன் நாள் என்பது ஒரு நாள் கூலி. ஒரு மாதத்தில் நாலைந்து கூலி. அளத்தில் வேலையே வருஷம் முழுக்க இல்லை. மழைக்காலத்தில் அடுப்பு எரிவதே பாடு. அப்படிச் சேர்த்த கூலியைக் கொடுத்து வாங்கிய ஊசி, கிழமை பொருந்தாததால் வீணாகிறது.

பட்ட மேற்படிப்பு டாக்டர் மூன்று வருஷத்தில் போய்விடுவார். நிரந்தர டாக்டரை இடமாறுதல் கலந்தாய்வு எங்கே கொண்டுபோகும் என்று அவருக்கே தெரியாது. இடமாறுதலை அரசு தண்டனையாகவும் பயன்படுத்துகிறது. 2019 அக்டோபரில் வேலைநிறுத்தம் செய்த அரசு மருத்துவர்கள் பலரை வெவ்வேறு ஊர்களுக்குத் தூக்கியடித்தார்கள். தண்டனை டாக்டருக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டார்கள். அவரிடம் பாதி வைத்தியத்தில் இருந்த பெண்களை யாரும் நினைக்கவில்லை.

இந்தியாவில் சோதனைக் குழாய்க் குழந்தையின் வரலாறே ஓர் இடமாற்றத்தில் முறிந்த கதைதான். 1978 அக்டோபர் 3இல் கொல்கத்தாவில் துர்கா என்று அழைக்கப்பட்ட பெண் குழந்தை பிறந்தது. உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து 70 நாள்தான் ஆகியிருந்தது. இதைச் செய்த டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயை மேற்கு வங்க அரசு குழு போட்டு அவமானப்படுத்தியது. கடைசியில் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றியது. கருப்பை பற்றி ஆராய்ந்தவருக்குக் கண் ஆஸ்பத்திரி! 1981 ஜூனில் அவர் தற்கொலை செய்துகொண்டார். அந்த வேலையைத் தொடர ஆளில்லை. இந்த நாட்டின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று 1986இல் மும்பையில் பிறந்த குழந்தையைத்தான் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அரசில் கிடைக்காதது தனியாரில் கிடைக்கும் என்று நினைத்து நகையை அடகு வைத்துப் போகிறவர்களின் நிலைமை வேறு மாதிரி. பைபாஸ் ரோட்டில் பெரிய பேனர். சிரித்த முகத்தோடு ஒரு டாக்டரம்மா. மாதம் ஒருமுறை ஏதாவது ஹோட்டல் ஹாலில் இலவச ஆலோசனை முகாம். முகாமில் பேசுகிறவர் பெரும்பாலும் கவுன்சிலர் என்ற பெயரில் இருக்கும் விற்பனை ஆள். பேனரில் இருக்கும் டாக்டர் ஒருவர், ஸ்கேன் பார்ப்பவர் வேறொருவர், முட்டை எடுப்பவர் இன்னொருவர். பணம் மட்டும் ஒரே கவுண்டரில். முதல் சுழற்சியில் எந்த ஊசிக்கு உடம்பு எப்படிப் பதில் சொன்னது என்பதைப் பார்த்துத்தான் இரண்டாவது சுழற்சியில் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். முதலில் பார்த்த டாக்டர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

அளவு தவறினால் ஆபத்தும் இருக்கிறது. ஊசியின் வேகத்தில் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மூச்சு முட்டும் நிலை வரலாம். நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். இது பல நேரம் ஊசி போட்ட இடத்தில் வராது; சில நாள் கழித்து, வீட்டில், ராத்திரியில் வரும். மதுரையிலோ நாகர்கோவிலிலோ வைத்தியம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பெண்ணை நள்ளிரவில் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எங்கே போவது? பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டர் கேட்பார்: "என்ன ஊசி, எத்தனை யூனிட், எந்த நாள்?" கையில் இருப்பது பில் மட்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. வைத்தியம் முடிந்ததும் என்னென்ன செய்யப்பட்டது என்ற விவரத்தோடு சான்று தர வேண்டும் என்கிறது அது. பதிவேடுகளைப் பத்து வருஷம் வைத்திருக்க வேண்டும். மருத்துவமனைக்குள் குறைதீர்ப்புப் பிரிவு இருக்க வேண்டும். அதற்கும் முன்பே, 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் இரண்டு விஷயங்களைச் சொல்லியிருக்கின்றன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். ஏற்றுக்கொண்ட நோயாளியை, அவருக்கும் குடும்பத்துக்கும் போதிய முன்னறிவிப்பு தராமல் டாக்டர் கைவிடக் கூடாது. நாங்கள் பேசிய பெண்களில் ஒருவருக்குக்கூட இவை தெரியாது. சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை.

பதிவேடு தொடராமல் போனால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஈரோடு சாட்சி. 2022இல் வெளியே வந்த வழக்கு. 16 வயதுச் சிறுமியின் வயதை ஆதாரில் மாற்றி, அவளுடைய கருமுட்டைகளைப் பெற்ற தாயும் புரோக்கரும் சேர்ந்து திரும்பத் திரும்ப விற்றார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் அல்ல, பல ஊர்களில் பல ஆஸ்பத்திரிகளில். ஒவ்வொரு வாசலிலும் அவள் புது ஆள். போன தடவை எப்போது எடுத்தார்கள், உடம்பு தேறிவிட்டதா என்று கேட்க யாருக்கும் அவசியம் இல்லை. இப்போதைய சட்டப்படி ஒரு பெண் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் முட்டை கொடுக்க முடியும். 23 வயதுக்குக் குறைந்தவர் கொடுக்கவே முடியாது. சரி. ஆனால் இந்த வியாபாரத்தில் ஏழைப் பெண் எந்த இடத்தில் நிற்கிறாள் என்று பாருங்கள். முட்டை கொடுக்கிறவளாகத்தான் அவளுக்கு உள்ளே இடம். குழந்தை கேட்கிறவளாக இல்லை. இதில் நன்கொடையாளரின் சாதியைக் கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பாலினம் பார்த்துத் தேர்வு செய்வதைத் தடுக்கிற சட்டம், சாதி பார்ப்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"மக்கள் தொகை பெருத்த நாட்டில் ஏழைக்கு எதற்கு டெஸ்ட் டியூப் பேபி?" இந்தக் கேள்வியை எங்கள் தோழர்களிடமிருந்தே கேட்டிருக்கிறோம். கேட்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பிள்ளைகளோடு இருப்பவர்கள். தத்து எடுக்கலாமே என்பார்கள். அவர்கள் யாரும் எடுக்கவில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசினார். 1938இல் அவர் சார்பாக அதே மன்றத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கான தீர்மானம் வந்தது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பெற விரும்பாத பெண்ணுக்கு வழி இருக்க வேண்டும், பெறுகிற பெண்ணுக்குப் பாதுகாப்பு இருக்க வேண்டும். பெற விரும்பியும் முடியாதவளை மட்டும் இந்த வரிசையிலிருந்து எந்த நியாயத்தில் வெளியே தள்ளுவது?

எங்கள் பெண்களின் கருப்பையை அரசு கவனிக்கவே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. நன்றாகவே கவனித்தது, மூடுவதற்கு. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொள்வது இல்லையென்றே சொல்லலாம். நாடு முழுக்க இலக்கு வைத்து முகாம் போட்டு அறுத்தார்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்து, பெண்கள் செத்த பிறகுதான் 2016இல் உச்ச நீதிமன்றம் முகாம் முறையையே மூன்று வருஷத்தில் நிறுத்தச் சொன்னது. அந்தப் பெண்களையும் அறுவைக்கு மறுநாள் யார் பார்த்தார்கள்?

அரசு நினைத்தால் செய்யும் என்பதற்கும் எங்களிடம் சான்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் பலர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். அவர்களுக்குக் கருக்குழாயை மறுபடி இணைக்கும் அறுவையைத் தமிழ்நாடு அரசு இலவசமாக ஏற்றுக்கொண்டது. நல்ல முடிவு. ஆனால் குழாயை இணைத்துத் தைத்ததும் வேலை முடியாது. குழாய் திறந்திருக்கிறதா, கரு கர்ப்பப்பையில் தங்கியதா, குழாயிலேயே தங்கிவிட்டதா என்று அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும். குழாயில் தங்கினால் உயிருக்கே ஆபத்து. அறுவைக்கு ஒரு திட்டம் போட்டால் அதற்குப் பிந்தைய மாதங்களுக்கும் ஒரு டாக்டரின் பெயர் அந்தத் திட்டத்தில் இருக்க வேண்டும்.

இந்தக் கடலில் முத்துக் குளித்த காலத்தில் பார்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. தொள்ளாயிரம் பார் என்று ஒன்று. சிப்பிக்குஞ்சு எந்தப் பாரில் விழுந்தது, எத்தனை வயதாயிற்று, எப்போது எடுக்கலாம் என்று ஆங்கிலேய அரசு அதிகாரி வைத்துச் சோதித்து எழுதி வைத்தது. அதிகாரி மாறினாலும் ஏடு மாறவில்லை. 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நின்றது. நின்ற பிறகும் விடவில்லை. 1981இல் இதே தூத்துக்குடியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் முத்துச் சிப்பியை ஆய்வுக்கூடத் தொட்டியில் இனம்பெருக்க வைத்துக் காட்டியது. பெருமைதான். அந்தத் தொட்டியின் தண்ணீர் எத்தனை டிகிரி, உப்பு எவ்வளவு என்று நாள்தோறும் குறித்து வைத்தவர்கள் இருக்கிற ஊர் இது. உப்பில் நிற்கிற பெண்ணின் உடம்புக்கு ஒரு ஏடு போட முடியாதா?

2025 மார்ச்சில் நாகப்பட்டினத்துத் திருமண விழாவில் முதலமைச்சர் ஸ்டாலின், புதுமணத் தம்பதியர் உடனே குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். தொகுதி மறுவரையறை கவலை அவருக்கு. கவலை நியாயமானதாகவே இருக்கட்டும். பெற்றுக்கொள் என்று சொல்ல மேடை இருக்கிறது. பிறக்கவில்லையே என்று வருகிறவளுக்குத் தூத்துக்குடியில் என்ன இருக்கிறது? பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு கருத்தரிப்பு வைத்தியத்தை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. எழும்பூரிலும் மதுரையிலும் கருத்தரிப்பு மையங்கள் அமைப்பதாக அரசு அறிவித்தது, வரவேற்கிறோம். ஆனால் பத்து நாளில் நாலு தடவை ஸ்கேனுக்கு மதுரை போய்வர அளத்துக் கூலியால் முடியாது. எங்கள் மாவட்டத்தில் திருச்செந்தூர் இருக்கிறது. சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்று எங்கள் பெண்களிடம் சொல்லி அனுப்ப ஆள் நிறைய.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஒரே டாக்டர் என்றால் அவரைக் குலதெய்வம்போல் கும்பிட்டுக்கொண்டு கிடப்பது என்று பொருளல்ல. "உங்க ஆளுகளுக்குத்தான் வத வதன்னு பொறக்குமே, உனக்கு என்ன?" என்று ஒரு டாக்டர் எங்கள் பெண்ணிடம் கேட்டிருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் ஏழு வருஷம் தொடர்வதைவிட ஒன்பது டாக்டர் மாறுவதே மேல். டாக்டரை மாற்றும் உரிமை பெண்ணுக்கு வேண்டும். மாறினாலும் அவளுடைய ஏடு அவளோடு போக வேண்டும். யார் லீவில் போனாலும், யாருக்கு இடமாறுதல் வந்தாலும், அடுத்து இவர் பார்ப்பார் என்று ஒரு பெயர் எழுதிக் கையில் தர வேண்டும்.

இது வானத்து அம்புலி கேட்பதில்லை. எய்ட்ஸ் நோயாளிகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு எண், ஒரு கையேடு. மாத்திரை வாங்க வராவிட்டால் தேடுகிறார்கள். (கருத்தரிப்புத் தொழில்நுட்பத்துக்கும் ஆங்கிலச் சுருக்கம் அதே ஏ.ஆர்.டி.தான். பெயர் ஒன்று, நடப்பு வேறு.) மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. அரசு மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்புப் பிரிவே நடக்கிறது.

ஆகவே நாங்கள் மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது இது. தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் யூனிட் நாள் கணக்குக்கு வெளியே, ஞாயிறு உட்பட எல்லா நாளும் ஸ்கேன் பார்க்கிற தனிப் பிரிவு வேண்டும். அதற்கென்று இரண்டு டாக்டர்களாவது மூன்று வருஷம் இடமாறுதல் இல்லாமல் இருக்க வேண்டும். கணவனையும் மனைவியையும் முதல் நாளே சேர்த்துச் சோதிக்க வேண்டும். பிக்மி போல ஒரு எண்ணும் கையேடும் கரு நிற்பதற்கு முன்பே வேண்டும். பணம் எங்கே என்று கேட்டால், ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் 2024இல் நிறைவேறியிருக்கிறது. அந்த நிதியில் எங்கள் பெண்களின் பெயரால் ஒதுக்கலாம்.

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கிறோம். வைத்தியம் பார்த்த பெண்கள் கையில் இருக்கும் சீட்டு, ஸ்கேன், பில் எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள். பெயரை மறைத்துத்தான் இணைப்போம். எதுவுமே கையில் இல்லாதவர்கள் முதலில் ஆஸ்பத்திரியில் எழுத்துமூலம் கேளுங்கள்; கொடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 72 மணி நேரம் முடிந்தும் தராவிட்டால் அந்தக் கடிதத்தின் நகலையே கொண்டு வாருங்கள். அதையும் சேர்ப்போம்.